தெற்கு சூடான்: ஒரே கோரிக்கை என்றால் எதைக் கேட்பது?

தெற்கு சூடானில் மறுபடியும் போர் மூளாமல் தடுக்க இந்தியா எந்த வழிக்குத் தோள் கொடுக்க வேண்டும்? கோத்தகிரியில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் சில மாதங்களாக இதுதான் பேச்சு. நம் தொகுதி எம்.பி. வழியாக வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு மனு அனுப்புவதென்று முடிவாகிவிட்டது. ஒரே பக்கம், ஒரே முக்கியக் கோரிக்கை. பத்து விஷயம் கேட்டால் ஒன்றையும் கவனிக்க மாட்டார்கள் என்பது பசுந்தேயிலைக்கு விலை கேட்டு மனு எழுதியே பழகிய ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எதைக் கேட்பது என்பதில்தான் கருத்து பிரிந்து நிற்கிறது. இந்தியா முன்னின்று பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்கிறார்கள் சிலர். ஆயுதத் தடையை ஆதரிக்கச் சொல்கிறார்கள் சிலர். ஐ.நா. அமைதிப்படையைக் குறைக்க விடக்கூடாது என்கிறார்கள் மற்றவர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கும் ஒரு பக்கம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

“நீலகிரிக்கும் ஜூபாவுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று, தெற்கு சூடானின் தலைநகரைச் சொல்லி, ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் அதிகாரிகள் வந்து படிக்கிறார்கள், குன்னூர் மார்க்கெட்டில் அவர்கள் குடும்பங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. மதராஸ் ரெஜிமென்ட்டின் தலைமையகமும் வெலிங்டன்தான், அதனால் ராணுவத்தில் ஆள் இருக்கிற வீடுகள் இந்த மலையில் நிறைய. தெற்கு சூடானில் ஐ.நா. கொடியின் கீழ் நிற்கிற இந்திய வீரர்கள் 2,000 பேருக்கு மேல். அந்தப் படைக்கே 2022 முதல் சில ஆண்டுகள் தளபதியாக இருந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் மோகன் சுப்ரமணியன் என்ற இந்தியர்.

இன்னொரு சம்பந்தம் இதைவிட நெருக்கமானது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம் டேன்டீயின் (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லயங்களில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். இலங்கையின் 9,75,000 தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அந்த ஒப்பந்தம் பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எங்கள் பாட்டி தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி இந்த மலைக்கு வந்தவர். அவருடைய தங்கை வரவில்லை. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடிய அந்தக் குடும்பம், தமிழர்கள் நடுவே இருந்தால் பாதுகாப்பு என்று வன்னிக்குப் போய், கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியது. 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யார் யார் மிஞ்சினார்கள் என்று தெரிவதற்கே எங்களுக்கு வெகுகாலம் பிடித்தது. நின்ற போர் மறுபடி தொடங்குவது என்றால் என்ன என்பதை நான் வீட்டில் கேட்டு வளர்ந்தவன். ஜூபா செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கிளிநொச்சிதான் நினைவுக்கு வருகிறது. கீழே இலங்கை அடிக்கடி வருவதற்கு அதுதான் காரணம்.

முதலில் நிலவரம். தெற்கு சூடான் 2011 ஜூலை 9-இல் பிறந்த நாடு. சூடானிலிருந்து பிரிவதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பில் 98.83 விழுக்காடு பேர் பிரிவோம் என்றார்கள். அந்த ஒற்றுமை மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை. 2013 டிசம்பர் 15 இரவு, அதிபர் சல்வா கீருக்கும் அவர் பதவி நீக்கியிருந்த துணை அதிபர் ரியெக் மச்சாருக்கும் இடையே இருந்த பகை ஜூபா படைமுகாமுக்குள் வெடித்தது. கீர் டிங்கா இனத்தவர், மச்சார் நுவெர். சில நாட்களுக்குள் அது இரண்டு தலைவர்களின் சண்டை என்ற நிலையைத் தாண்டி இனச் சண்டையாகிவிட்டது. 2018 வரையிலான போரில் நேரடியாகவும், போர் கொண்டுவந்த பசியிலும் நோயிலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 2018-இல் ஒப்பந்தம் ஆனது, 2020 பிப்ரவரியில் கீர் அதிபராகவும் மச்சார் முதல் துணை அதிபராகவும் கூட்டு அரசு அமைந்தது.

2025 மார்ச்சில் அது விரிசல் விட்டது. வடகிழக்கே நாசிர் நகரின் ராணுவ முகாமை ‘வெள்ளைப் படை’ எனப்படும் நுவெர் இளைஞர்கள் கைப்பற்றினார்கள். அங்கே சிக்கிய வீரர்களை மீட்கப்போன ஐ.நா. ஹெலிகாப்டர் சுடப்பட்டது. அதன் பணியாளர் ஒருவரும், மீட்கப்பட வேண்டிய ராணுவ ஜெனரலும் இறந்தார்கள். அந்த மாதக் கடைசியில் மச்சார் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். செப்டம்பரில் அவர்மேல் கொலை, தேசத்துரோகம் என்று வழக்கு. 2024 டிசம்பரில் நடக்க வேண்டிய தேர்தலை 2026 டிசம்பருக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். நாடு மறுபடி போருக்குப் போய்விடக்கூடும் என்று ஐ.நா. அதிகாரிகள் வெளிப்படையாகவே எச்சரிக்கிறார்கள்.

மறுபடி பேச வைப்பது

எங்கள் வட்டத்தில் இதற்குத்தான் ஆதரவு அதிகம். கடைசியில் பேசித்தானே தீர்க்க வேண்டும், இந்தியாவுக்கு அங்கே எதிரி யாரும் இல்லை, டெல்லியிலேயே இரு தரப்பையும் உட்கார வைக்கலாமே என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தெற்கு சூடானில் பேச்சுக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை.

2015 ஆகஸ்டில் ஒரு ஒப்பந்தம். கீர் கையெழுத்துப் போடும்போதே தன் ஆட்சேபங்களைத் தனிப் பட்டியலாக நீட்டினார். அதை நம்பி 2016 ஏப்ரலில் மச்சார் ஜூபாவுக்குத் திரும்பினார். ஜூலையில் அதிபர் மாளிகையில் இருவரும் உள்ளே இருக்கும்போதே வெளியே இருவரின் காவலர்களும் சுட்டுக்கொண்டார்கள். மச்சார் காட்டு வழியாக நடந்தே காங்கோவுக்குள் போய்ச் சேர்ந்தார். அப்புறம் 2018-இல், சூடான் அதிபர் உமர் அல் பஷீரும் உகாண்டா அதிபர் முசேவெனியும் ஆளுக்கொரு பக்கம் அழுத்தம் கொடுத்து இன்னொரு ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 12-இல் அடிஸ் அபாபாவில் கையெழுத்தானது. 2019 ஏப்ரல் 11 அன்று போப் பிரான்சிஸ் வாடிகனில் அந்தத் தலைவர்கள் முன்னால் மண்டியிட்டு, அவர்கள் காலணிகளை முத்தமிட்டு, அமைதியைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டார். அதே நாளில் கார்ட்டூமில் பஷீரின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்தது.

ஒப்பந்தத்துக்குப் பொறுப்பேற்ற இருவரில் ஒருவர் அன்றே போய்விட்டார். 2023 ஏப்ரல் முதல் சூடானே தன் உள்நாட்டுப் போரில் கிடக்கிறது. மற்றவரான முசேவெனி 2025 மார்ச்சில் கீருக்குத் துணையாக ஜூபாவுக்குப் படை அனுப்பிவிட்டார். நடுவர் ஒரு பக்கத்துக்காகக் களத்தில் இறங்கிவிட்ட பிறகு ஒப்பந்தத்தை யார் நடத்தி வைப்பது? இதற்கு நடுவே 2024 மே மாதத்தில் கென்ய அதிபர் ரூட்டோ நைரோபியில் தனியாக ஒரு பேச்சைத் தொடங்கினார். 2018 ஒப்பந்தத்தில் சேராத குழுக்களை உள்ளே கொண்டுவருவது நோக்கம். 2005-இல் சூடானின் நீண்ட போரை முடித்த உடன்பாட்டுக்கு நடுவராக இருந்த லாசரஸ் சும்பெய்வோதான் இதற்கும் நடுவர். அனுபவத்தில் குறை சொல்ல முடியாத ஆள். அப்படியும், இது 2018 ஒப்பந்தத்தையே ஓரங்கட்டும் வேலை என்று சொல்லி மச்சார் கட்சி விலகிக்கொண்டது.

டெல்லியில் இன்னொரு பேச்சு தொடங்கினால் இதேதான் நடக்கும் என்று பயப்படுகிறேன். ஒரு பஞ்சாயத்தின் தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பிராது கொண்டுபோகிறவர்களுக்கு, இன்னும் ஒரு ஊரைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். கென்யாவில் 2008 தேர்தல் கலவரத்தின்போது முன்னாள் ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் 41 நாளில் உடன்பாடு கண்டார். அவர் முதலில் செய்த காரியம், நடுவர் ஒருவர்தான், பேச்சு ஓரிடத்தில்தான் என்று எல்லா நாடுகளையும் ஒத்துக்கொள்ள வைத்தது. தெற்கு சூடானில் இன்று இல்லாதது அதுதான். இந்தியா உள்ளே நுழைந்தால் அது இன்னும் தூரம் போகும்.

இலங்கையிலும் பேசத்தான் செய்தார்கள். 2002 பிப்ரவரி 22-இல் நோர்வே முயற்சியால் போர்நிறுத்தம். அந்த செப்டம்பரில் தாய்லாந்தில் தொடங்கி அடுத்த மார்ச்சில் ஜப்பானில் முடிய ஆறு சுற்றுப் பேச்சு. 2003 ஜூனில் டோக்கியோவில் கொடையாளர் மாநாடு கூடி, அமைதி முன்னேறினால் தருவதாக 450 கோடி டாலர் அறிவித்தது. அதில் புலிகள் கலந்துகொள்ளவே இல்லை. பணத்தைக் காட்டிப் போரைத் தடுக்கலாம் என்பவர்களுக்கு நான் அந்த மாநாட்டைத்தான் சொல்வேன், அந்த வழியைப் பற்றி வேறு எதுவும் எழுத எனக்கு இல்லை. 2006-இல் ஜெனிவாவில் இரண்டு தடவை சந்தித்தார்கள். அக்டோபர் சந்திப்பு யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 சாலையைத் திறப்பதா இல்லையா என்ற இடத்திலேயே முறிந்தது. இதெல்லாம் நடக்கும்போது தரையில் இருந்தது நோர்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழு, 60 பேர் அளவுக்கு, கையில் ஆயுதம் கிடையாது. யார் எப்போது மீறினார்கள் என்று எழுதி வைத்தார்கள். நிறுத்துகிற அதிகாரம் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது. ஒன்றிய நாட்டவர் கண்காணிக்கக் கூடாது என்று புலிகள் சொன்னார்கள், ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் ஆட்கள் கிளம்பினார்கள், குழு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2008 ஜனவரியில் இலங்கை அரசு போர்நிறுத்தத்தையே ரத்து செய்ததும் மிச்சம் இருந்தவர்களும் போய்விட்டார்கள்.

பேச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை நடத்த ஆப்பிரிக்க ஒன்றியம் இருக்கிறது, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான இகாட் இருக்கிறது. நாம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கும்போது, இந்தியாவுக்கு எந்தப் பிடியும் இல்லாத இடத்தில் அதைச் செலவழிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

ஆயுதம் போகாமல் தடுப்பது

இதில் எனக்கு மனதளவில் ஈர்ப்பு உண்டு. துப்பாக்கி போனால் சண்டை வளரும், போகாவிட்டால் குறையும் என்பதை மறுக்க முடியாது. இந்தத் தடையைக் கொண்டுவரவே எவ்வளவு பாடு என்பதைப் பாருங்கள். 2016 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஆதரவு 7, மற்ற 8 நாடுகளும் வாக்களிக்காமல் ஒதுங்கின, தீர்மானம் தோற்றது. 2018 ஜூலையில் 9 வாக்கு கிடைத்தது. 9-தான் குறைந்தபட்சம், ஒன்று குறைந்திருந்தாலும் மறுபடி தோற்றிருக்கும். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2025 மே மாதத்திலும் அதே 9 வாக்கில் உயிர் பிழைத்தது.

இந்தியா பாதுகாப்பு சபையில் இருந்த 2021-இல் 13 நாடுகள் ஆதரித்தன. ஒதுங்கியவை இரண்டு, கென்யாவும் இந்தியாவும். 2022-இலும் இந்தியா ஒதுங்கியே நின்றது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. தெற்கு சூடான் எண்ணெய் வயல்களில் நம் அரசு நிறுவனமான ஓஎன்ஜிசி விதேஷுக்குப் பங்கு இருக்கிறது. அதனால்தான் ஒதுங்கியது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் எண்ணெயில் பங்கும் அமைதிப்படையில் ஆளும் வைத்திருக்கிற ஒரு நாடு, ஆயுத விஷயத்தில் தன் நிலையை மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை.

தடை எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தால், பாதிதான். தெற்கு சூடானுக்கு ஆறு அண்டை நாடுகள், எல்லையெல்லாம் காடும் சதுப்பும். 2025 மார்ச்சில் உகாண்டாவின் படையும் தளவாடங்களும் ஜூபாவில் இறங்கியபோது தடை அமலில்தான் இருந்தது. மாட்டுப் பட்டிக்குக் காவல் நிற்கிற இளைஞன் கையில் துப்பாக்கி வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தடை பெரிய ஆயுதங்களை அரசு வெளிப்படையாக வாங்குவதைச் சிரமமாக்குகிறது. அது சின்ன விஷயம் இல்லை, ஆனால் நாளைக்கு ஒரு ஊரைத் தாக்க வருகிறவர்களை அது நிறுத்தாது.

நம் மனுவுக்கு இதைவிட நேரடியான தடங்கல் ஒன்று இருக்கிறது. இந்தியா இப்போது பாதுகாப்பு சபையில் இல்லை. 2028–29 இடத்துக்குத்தான் போட்டியிடப் போவதாக அறிவித்திருக்கிறது. கையில் இல்லாத வாக்கைப் பயன்படுத்தச் சொல்லி இன்று மனு கொடுப்பதில் என்ன பலன்?

அமைதிப்படையைக் குறைக்க விடாமல் இருப்பது

என் பக்கம் இதுதான். காரணத்தைச் சொல்ல இரண்டு வாசல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2008 செப்டம்பரில் வன்னியில் போர் நெருங்கும்போது, பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை, கிளம்புங்கள் என்று இலங்கை அரசு ஐ.நா. அலுவலகங்களிடம் சொன்னது. கிளிநொச்சியில் மக்கள் ஐ.நா. அலுவலக வாசலில் வந்து கூடினார்கள். போகாதீர்கள், நீங்கள் இருந்தால்தான் நடப்பதை உலகம் பார்க்கும் என்று கெஞ்சினார்கள். எங்கள் பாட்டியின் தங்கை வீட்டிலிருந்தும் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்ததாகப் பிற்பாடு தெரிந்தது. வண்டிகள் வரிசையாகக் கிளம்பிவிட்டன. அதன் பிறகு எட்டு மாதம் நடந்ததைப் பார்த்துச் சொல்ல வெளியார் அநேகமாக யாரும் இல்லை. 2012-இல் ஐ.நா. தன் நடத்தையைத் தானே விசாரித்து வெளியிட்ட உள் அறிக்கை, மக்களைக் காக்கும் பொறுப்பில் அமைப்பு முழுவதுமே தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டது.

ஐந்து ஆண்டு கழித்து, 2013 டிசம்பரில் ஜூபா. சண்டை தொடங்கிய மறுநாள் காலையே மக்கள் ஐ.நா. தளங்களின் வாசலுக்கு ஓடிவந்தார்கள். அங்கே ஐ.நா. தலைமையில் இருந்தவர் நோர்வேயைச் சேர்ந்த ஹில்டே ஜான்சன். வாசலைத் திறந்தார்கள். தொடக்கத்திலேயே பல்லாயிரம் பேர், பிற்பாடு நாட்டின் பல தளங்களிலும் சேர்த்து 2 லட்சத்துக்கு மேல். அந்தத் தளங்கள் எதுவும் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. தண்ணீர் போதாது, கழிப்பறை போதாது. 2014 மழையில் பென்டியூ முகாமில் தாய்மார்கள் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீரில் குழந்தையைக் கையில் ஏந்தியபடி இரவெல்லாம் நின்றார்கள். அது மோசமான வாழ்க்கைதான். ஆனால் உயிரோடு இருந்தார்கள். வேலிக்கு வெளியே போன உறவினர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே என் முடிவைச் சொல்கிறேன். ஒப்பந்தம் முறியும் நாளில் அங்கே வெளியார் இருக்கிறார்களா, வாசலைத் திறக்கும் உத்தரவும் பலமும் அவர்களிடம் இருக்கிறதா? சாதாரண ஆட்களுக்கு அதுதான் உயிர். தலைவர்கள் எத்தனை சுற்றுப் பேசினார்கள் என்பது அதற்கு அப்புறம்தான்.

அமைதிப்படை தோற்ற இடங்களையும் சொல்லாமல் விட முடியாது. 2016 பிப்ரவரியில் மலக்கால் முகாமுக்குள்ளேயே ஆயுதக் கும்பல் புகுந்து குடிசைகளைக் கொளுத்தியது, குறைந்தது 25 பேர் இறந்தார்கள். அந்தத் தளத்தில் இருந்த படைகளில் இந்தியப் படையும் ஒன்று. அதே ஆண்டு ஜூலையில் ஜூபா சண்டையின்போது, ஐ.நா. தளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் விடுதியில் சிக்கிய தொண்டு ஊழியர்கள் பலமுறை உதவி கேட்டும் படை வெளியே வரவில்லை. விசாரணைக்குப் பிறகு படைத்தளபதியான கென்ய அதிகாரியை ஐ.நா. நீக்கியது, கோபத்தில் கென்யா தன் வீரர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. சும்மா ஆளை அனுப்பினால் போதாது, என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவான உத்தரவும் அதைச் செய்யும் மனசும் வேண்டும் என்பதைத்தான் இவை காட்டுகின்றன. அந்த மனசுக்கும் உதாரணம் உண்டு. 2013 டிசம்பர் 19-இல் அகோபோ என்ற சின்னத் தளத்தில் சுமார் 30 டிங்கா மக்கள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் சூழ்ந்து தாக்கினார்கள். அதில் 2 இந்திய வீரர்கள் இறந்தார்கள்.

எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார், ஐ.நா. பணியில் ஆப்பிரிக்கா போய் வந்தவர். அவரிடம் கேட்டேன். “ரோந்து போறதுதாங்க முக்கால்வாசி வேலை. மழை மாசத்துல வண்டி சேத்துல நகராது. ஹெலிகாப்டர் இருந்தாதான் ஒரு ஊருக்குப் போக முடியும். நாலு நாளைக்கு ஒருவாட்டியாவது நம்ம முகத்தைப் பாத்தாதான் சந்தை கூடும், பொம்பளைங்க விறகுக்குப் போவாங்க” என்றார். இந்தியப் படையின் கால்நடை மருத்துவர்கள் மலக்கால் பக்கம் மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பதைப் பற்றியும் பேச்சு வந்தது. மாடுதான் சொத்து, மாடுதான் பெண் எடுக்கக் கொடுக்கும் பரிசம், மாட்டைத் திருடியதில்தான் பாதிச் சண்டை என்று இருக்கிற நாட்டில் அந்த ஊசி எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஆப்பிரிக்காவிலேயே பழைய உதாரணம் இரண்டு இருக்கிறது, அவற்றையும் பாருங்கள். 1992-இல் அங்கோலாவில் தேர்தலைக் கண்காணிக்க ஐ.நா. அனுப்பிய ராணுவப் பார்வையாளர்கள் சில நூறு பேர். படைகள் கலைக்கப்படாமலே தேர்தல் நடந்தது. தோற்ற கிளர்ச்சித் தலைவர் சவிம்பி முடிவை ஏற்காமல் போருக்குத் திரும்பினார், அது இன்னும் பத்து ஆண்டு ஓடியது. அதே 1992 அக்டோபரில் மொசாம்பிக் போருக்கு ரோமில் உடன்பாடு ஆனது. அங்கோலாவைப் பார்த்துப் பாடம் கற்ற ஐ.நா. இங்கே 6,000 பேருக்கு மேல் அனுப்பியது. படைகள் கலையும்வரை தேர்தலைத் தள்ளிவைத்தார்கள், கிளர்ச்சிக்காரர்கள் கட்சியாக மாறப் பணமும் கொடுத்தார்கள். 1994-இல் தேர்தல் நடந்தது. தோற்றவர்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். தெற்கு சூடானும் 2026 டிசம்பர் தேர்தல் என்று நாள் குறித்திருக்கிறது. ஒப்பந்தப்படி ஒன்றாக வேண்டிய படைகள் இன்னும் ஒன்றாகவில்லை. அது அங்கோலா வழியில் போகிறது என்று நான் நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் படையைக் குறைக்கிறார்கள். 2025 அக்டோபரில் ஐ.நா., பணம் இல்லாததால் உலகெங்கும் ஒன்பது அமைதிப் பணிகளில் நான்கில் ஒரு பங்கு வீரர்களைத் திருப்பி அனுப்பப் போவதாக அறிவித்தது. தெற்கு சூடானும் அதில் அடக்கம். 17,000 வீரர்கள் வரை வைத்துக்கொள்ள அனுமதி உள்ள பணி அது. காகிதத்தில் அனுமதி இருக்கும், தரையில் ஆள் இருக்க மாட்டார்கள். ஆள் குறைந்தால் முதலில் மூடுவது தொலைதூரத்துச் சின்னத் தளங்களைத்தான். அகோபோ மாதிரியான இடங்களை.

நம் பையன்கள் ஏன் போக வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு ராணுவ வீரரின் அம்மா. பதில் சொல்லக் கடமை இருக்கிறது. 2013 ஏப்ரல் 9-இல் ஜோங்லே மாநிலத்தில் வாகன அணிக்குக் காவல் போன 5 இந்திய வீரர்களைப் பதுங்கியிருந்து கொன்றார்கள். 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படை என்ற பெயரில் போய் நாம் இழந்தது ஏறத்தாழ 1,200 பேர். அந்தப் படையால் அங்கே தமிழர்கள் பட்டதும் எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 1987-இல் இந்தியா தானே ஒப்பந்தம் போட்டு, தானே அதற்குப் பொறுப்பேற்று, தன் படையை மட்டும் அனுப்பியது. மூன்று மாதத்துக்குள் ஒரு தரப்போடு நேரடிப் போரில் இறங்கிவிட்டது. நடுவர் வேலையும் சண்டைக்காரன் வேலையும் ஒருவருக்கே வந்துவிட்டது. இன்று உகாண்டா ஜூபாவில் இருப்பது கிட்டத்தட்ட அந்த நிலையில்தான். ஐ.நா. படையில் ருவாண்டா, நேபாளம், வங்கதேசம் என்று பல நாட்டு ஆட்கள் சேர்ந்து நிற்கிறார்கள், ஒரு நாட்டின் லாபத்துக்காக அது இயங்க முடியாது. அதனால்தான் அந்த அம்மாவிடம் நான் சொன்னது, போகச் சொல்வதோடு நிறுத்தாமல் எப்படிப்பட்ட நிலையில் போக வேண்டும் என்றும் மனுவில் கேட்போம் என்பது. போதுமான ஹெலிகாப்டர், காயம்பட்டால் உடனே தூக்கிவர ஏற்பாடு, மக்கள் தஞ்சம் கேட்டால் வாசலைத் திறந்து காக்கலாம் என்ற எழுத்துபூர்வமான உத்தரவு. இவை இல்லாமல் சின்னத் தளத்தில் கொஞ்சம் பேரை நிறுத்துவது வீரர்களுக்கும் துரோகம், நம்பி ஓடிவருகிற மக்களுக்கும் துரோகம். அவர் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

என் பரிந்துரையை மனுவின் வாசகமாகவே தருகிறேன்: “தெற்கு சூடானில் உள்ள இந்தியப் படைப்பிரிவைக் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும். தொலைதூரத் தளங்களை மூடக்கூடாது என்றும், அவற்றுக்கு ஹெலிகாப்டரும் மருத்துவ வசதியும் மக்களைக் காக்கும் தெளிவான உத்தரவும் வேண்டும் என்றும், அதிகம் வீரர்களை அனுப்பும் நாடு என்ற உரிமையில் இந்தியா ஐ.நா.வில் வலியுறுத்த வேண்டும்.” இது முதல் வரி. இந்தியாவின் கையில் இன்றைக்கே இருக்கிற விஷயம் இது ஒன்றுதான்.

இரண்டாவது வரியாக, அடுத்து பாதுகாப்பு சபைக்குப் போகும்போது ஆயுதத் தடைக்கு ஒதுங்காமல் வாக்களிக்க வேண்டும் என்று சேர்க்கலாம். பேச்சுவார்த்தை வேண்டும் என்கிற நண்பர்களுக்காக, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் ஒரே பேச்சுவார்த்தையை இந்தியா ஆதரிக்கட்டும், தனியாக ஒன்று தொடங்க வேண்டாம் என்று மூன்றாவது வரி எழுதவும் எனக்குச் சம்மதம். இரண்டும் மூன்றும் இடம் மாறினாலும் கவலையில்லை. முதல் வரியை மட்டும் மாற்ற நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐ.நா. பணியின் ஆணையைப் பாதுகாப்பு சபை ஏப்ரல் வாக்கில் புதுப்பிக்கும், அதற்கு முன்னால் மனு டெல்லியில் இருக்க வேண்டும் என்பதால் அடுத்த கூட்டத்திலேயே கையெழுத்தை முடித்துவிடுவோம்.